ஓ-வுக்கு ஓணான்

கோடை விடுமுறை நெருங்கினால் பெங்களூரு அவென்யூ ரோட்டுக் கடைகளில் குழந்தைகளுக்கான கலரிங் புத்தகங்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கிவிடும். எதைப் புரட்டினாலும் அதே மந்தைதான். ‘எக்ஸ்’ வந்ததும் விலங்குக்குத் தட்டுப்பாடு. எங்கிருந்தோ எக்ஸ்-ரே மீனைப் பிடித்து வருவார்கள். ‘ஒய்’ என்றால் இமயமலை யாக். தமிழ்ப் புத்தகங்களும் சளைத்தவையல்ல. அணில், ஆடு என்று உற்சாகமாகத் தொடங்கி, இலை, உரல், ஊஞ்சல் என்று உயிரில்லாத பக்கம் போய்விடுகின்றன. அடுக்குமாடியில் வளரும் பிள்ளை உரலுக்கு என்ன நிறம் அடிக்கும்?

எழுத்தை விலங்கோடு கோத்துக் கற்பிப்பது பழைய உத்தி. 1658-இல் நியூரம்பர்க்கில் வெளிவந்த கொமேனியஸின் ‘ஆர்பிஸ் பிக்டஸ்’ என்ற படப்புத்தகம், ஒவ்வோர் எழுத்தின் ஒலியையும் பெரும்பாலும் ஒரு பிராணியின் வாயிலிருந்தே வரவழைத்தது. முதல் எழுத்துக்குக் காகம் ‘ஆ ஆ’ என்று கரையும். அடுத்ததற்கு ஆட்டுக்குட்டி ‘பே’ என்று கத்தும். அந்தக் காலத்துப் பிள்ளைக்கு இரண்டுமே வாசலில் கேட்ட குரல்கள். அந்த நெருக்கம்தான் இன்றைய கலரிங் ஷீட்டில் இல்லை.

அதனால் என் பேத்திக்கு நானே ஷீட் வரைய உட்கார்ந்தேன். விதி ஒன்றுதான்: முடிந்தவரை, இந்த ஊரில் அவள் பார்க்கக்கூடிய உயிராக இருக்க வேண்டும். அ-வுக்குக் கப்பன் பார்க் அணில். ஆ-வுக்கு ஆந்தை. இ-க்கு மின்கம்பியில் உட்காரும் இரட்டைவால் குருவி. ஈ-க்கு ஈயேதான், எழுத்தே பிராணியின் பெயராக அமைந்த சௌகரியம்! உ-வுக்கு உடும்பு, ஊ-வுக்கு ஊர்க்குருவி, எ-வுக்குச் சமையலறைச் சுவரில் வரிசை கட்டும் எறும்பு. ஏ-வுக்கு ஏறு. அதைப் பார்க்க பசவனகுடி போனால் போதும். ஒரே கல்லில் செதுக்கிய, பதினைந்தடி உயர நந்தி. கார்த்திகை மாதக் கடலெகாய் பரிஷெ என்ற கடலைக்காய்ச் சந்தை நாளில் போனால் வேர்க்கடலையும் கிடைக்கும். ஐ-க்கு ஏரியில் மிதக்கும் ஐந்து கூழைக்கடாக்கள், எண்ணவும் கற்றாயிற்று. ஒட்டகம் மட்டும் புத்தகத்திலிருந்து கடன். ஓ-வுக்கு வேலியில் தலையாட்டும் ஓணான்.

எதிர்வீட்டுக் கன்னடப் பையனும் வந்து உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு அணில் ‘அளிலு’, ஒட்டகம் ‘ஒண்டெ’. பல படங்கள் அவனுக்கும் ஒத்துவந்ததால் மூலையில் கன்னட எழுத்தையும் போட்டுக் கொடுத்தேன். இருவரும் சண்டை போட்டது ஊதா நிற கிரேயானுக்குத்தான்.

கிரேயானை உடைத்தால் திட்டாதீர்கள். துண்டு கிரேயானை முஷ்டியால் பிடிக்க முடியாது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்தாக வேண்டும். பின்னால் பென்சில் பிடிப்பதற்கு அதுவே பயிற்சி. ஆனால், எழுத்தின் கூட்டுக்குள் வண்ணம் நிரப்பினாலே எழுத்து வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் காரின் ஜேம்ஸ் குழுவினர், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. விசைப்பலகையில் தட்டியும், கோட்டின்மேல் கோடிட்டும், வெறும் தாளில் கையால் எழுதியும் பிள்ளைகள் எழுத்துகளைப் பழகினார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, வாசிப்புக்கான பகுதிகள் நன்றாக விழித்துக்கொண்டது கையால் எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான். கோணல்மாணலாக எழுதினாலும் சொந்தமாக எழுத வேண்டும் என்பது சாரம். அரிசியில் விரல் பிடித்து ‘அ’ எழுதவைத்த கையோடு பிள்ளையைத் தனியே எழுத விடுவதும் அதனால்தான் முக்கியம். ஷீட்டில் பாதியை விலங்குக்குக் கொடுத்து, மீதியை வெறுமையாக விடுங்கள்.

ஔ-வுக்கு மட்டும் எனக்கு விலங்கு கிடைக்கவில்லை. ஔவையாரையே வரைந்து, “பாட்டிக்குத் துணையாக யாரையாவது உட்கார வை” என்றேன். பேத்தி தெருநாய் ஒன்றை வரைந்தாள். பையன் அதற்கு ஊதா அடித்தான்.