சொல்லில் ஒட்டிய தீட்டு

கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கட்டமரான்’ ஆயிற்று. மிளகுத் தண்ணீர் ‘மல்லிகட்டானி’ ஆயிற்று. சொற்கள் கடல் கடந்து போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால், ஆங்கிலத்துக்குத் தமிழ் அளித்த கொடை என்று நம்மவர்கள் போடும் பட்டியலில் ‘பரையா’ என்ற சொல்லும் இருக்கிறதே, அதில் என்ன பெருமை என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

பறையர் என்ற சாதிப் பெயர் பதினேழாம் நூற்றாண்டிலேயே இங்கிலீஷ் யாத்திரை நூல்களில் ஏறிவிட்டது. பிறகு, இங்கே வந்த துரைமார்கள் தெருநாய்க்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஊர் ஒதுக்கித் தள்ளிய எவனுக்கும் அதுவே பொதுப்பெயர் ஆகிவிட்டது. ‘பறை கொட்டுகிறவன்’ என்பதே நேர்ப்பொருள் என்று யூலும் பர்னலும் 1886இல் தங்கள் அகராதியில் எழுதினார்கள். யார் கேட்டார்கள்?

பறையில் என்ன இழிவு? தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களில் ஒன்றாக அதை எண்ணுகிறது. ஆண்டாள் திருப்பாவையில் கண்ணனிடம் கேட்பதும் பறைதான். இழிவு கருவியில் இல்லை. அதைக் கொட்டியவனைச் சேரிக்குத் துரத்திய நம்மிடம் இருந்தது. வெள்ளைக்காரன் நம் சொல்லை மட்டும் கொண்டுபோகவில்லை. நம் தீட்டையும் சேர்த்தே கொண்டுபோனான்.

“அது இப்போது வெறும் ஆங்கிலச் சொல், சாதியை யார் நினைக்கிறார்கள்?” என்று படித்த கனவான்கள் கேட்பார்கள். கட்டுமரத்துக்கு மனம் நோகாது, ஐயா. இதுவோ உயிரோடு இருக்கிற மனிதர்களின் பெயர். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்று பெயரிட்டே ஒரு பத்திரிகை தொடங்கினார். தன் பெயரைத் தானே தலை நிமிர்ந்து சொல்வது வேறு. அதையே இன்னொருவன் வசவாக வீசுவது வேறு.

இதில் விபரீதம் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் கறுப்பரைத் தனித் தெருவிலும் தனிப் பள்ளியிலும் ஒதுக்கி வைத்த ஆட்சி 1948 முதல் 1994 வரை நடந்தது. அந்த ஆட்சியை உலகம் வெறுத்தபோது ஆங்கிலப் பத்திரிகைகள் சூட்டிய பட்டம் என்ன தெரியுமா? ‘பரையா தேசம்’! தீண்டாமை செய்தவனைத் திட்ட, தீண்டாமைக்கு ஆளானவனின் பெயர்! இதைவிட அநியாயம் வேறு என்ன வேண்டும்?

இன்றும் நம் நாட்டு ஆங்கிலத் தலையங்கங்களில் இச்சொல் கூசாமல் நடமாடுகிறது. 1950இல் அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. தலையங்கத்தில் அதற்கு இடம் கொடுப்பானேன்? ‘ஒதுக்கப்பட்டவன்’ என்று சொல்ல ஆங்கிலத்தில் வேறு சொல்லா இல்லை? அயலான் அறியாமல் சொல்கிறான் என்று விட்டுவிடலாம். தமிழ் அறிந்தவன் அதை எழுதினால், அவன் எழுதுவது இங்கிலீஷ் அல்ல, பழைய அக்கிரமத்தையேதான்.