குமிழ் யார் கையில்?

பாளையங்கோட்டையில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். ராத்திரி ஒன்பது மணி. தொட்டிலில் குழந்தை அயர்ந்து தூங்குகிறது. பாட்டி கைப்பேசியில் உபந்நியாசம் கேட்கிறாள். பாகவதரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது. பாட்டி சத்தத்தை முழுக்க ஏற்றி வைக்கிறாள். உபந்நியாசம் முடிகிறது. அடுத்த வீடியோ தானாகவே வந்து நிற்கிறது, நையாண்டி மேளம்! குழந்தை வீரிட்டு அழுகிறது. மருமகள் பாட்டியை ஒரு பார்வை பார்க்கிறாள். அந்தப் பார்வையின் சத்தத்தைக் குறைக்க மட்டும் இன்னும் யாரும் குமிழ் கண்டுபிடிக்கவில்லை!

பாட்டி மேல் குற்றமில்லை, நேயர்களே! திருநெல்வேலி வானொலி நிலையம் இதே பாளையங்கோட்டையில்தான் 1963-ம் வருஷம் தொடங்கியது. வானொலி நிலையம் என்றால், கட்டுப்பாட்டு அறையில் மீட்டர் முள்ளைப் பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார். பேச்சு தாழ்ந்தால் குமிழை ஏற்றுவார். நாகஸ்வரம் எகிறினால் இறக்குவார். அத்தனை வீடுகளுக்கும் அவர் ஒருவர் காவல். இன்றைக்கோ ஒவ்வொரு வீடியோவையும் ஒவ்வொருவர் ஒவ்வோர் அளவில் பிடித்து அனுப்புகிறார்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சத்தத்தின் உச்சியை மட்டும் அளந்தால் போதாது. பாகவதர் ஒரே ஒரு தரம் ஜால்ராவைத் தட்டினாலும் உச்சியைத் தொட்டுவிடும். மற்ற நேரமெல்லாம் மெல்லிய பேச்சுத்தான். விளம்பரமோ முதலிலிருந்து கடைசி வரை உச்சியிலேயே நிற்கும். உச்சி ஒன்றுதான், காதில் அறைவது வேறு. ஆகவேதான் காது உணரும் சத்தத்தைக் கணக்கிடும் முறை ஒன்றைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-ல் வகுத்தது. விளம்பரங்கள் மிதமிஞ்சிச் சத்தம் போடக் கூடாது என்று நம் நாட்டுக் கேபிள் டெலிவிஷன் விதிகளும் 1994-லிருந்தே சொல்லி வருகின்றன.

பாட்டிக்கு என்ன வழி? யூடியூப், உரத்த வீடியோவைத் தானே தணிக்கிறது, மெல்லியதைத் தூக்கிவிடுவதில்லை. அதற்காகவே 'ஸ்டேபிள் வால்யூம்' என்ற வசதி 2023-ல் வந்தது. வீடியோ ஓடும்போது பல்சக்கரப் படத்தைத் தொட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் வி.எல்.சி. வைத்திருப்பவர்களுக்கு, ஒலி அமைப்பில் 'நார்மலைஸ் வால்யூம்' இருக்கிறது. பல டெலிவிஷன்களில் 'ஆட்டோ வால்யூம்' உண்டு.

ஆனால் கச்சேரி கேட்கும்போது இதை அணைத்து விடுங்கள். கீழ் ஸ்தாயியின் மெல்லிய குழைவும் தனி ஆவர்த்தனத்தின் இடிமுழக்கமும் ஒரே மட்டமாகிவிடும். குற்றாலத்தைச் சமவெளியாக்கினால் அருவி ஏது?

இன்னொன்று. பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதற்கு மேல் மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறையும். காதில் மாட்டிக் கேட்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். எல்லா வீடியோவையும் சமன் செய்து கொடுத்த பிறகும் பாட்டி சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், கோபித்துக் கொள்ளாதீர்கள். அப்போது பார்க்க வேண்டியது கைப்பேசியை அல்ல, பாட்டியின் காதை. ஒரு நடை டாக்டரிடம் அழைத்துப் போய் வாருங்கள்.