காட்டைக் காக்க ஒரு கடிதம்



பருவநிலை மாற்றம், இயற்கைப் பாதுகாப்பு என்னும் சொற்களைக் கேட்டவுடன், "அவை படித்தவர்கள் பேச வேண்டியவை, விடியுமுன் பெரட்டுக்குப் போகும் நமக்கு அதில் என்ன வேலை?" என்று ஒதுங்கிக்கொள்வது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வெண்ணம் களையப்பட வேண்டும் என்பதே நம் கருத்து. புகை சூழ்ந்தால் கதவடைத்துக் குளிர்சாதன அறையில் இருக்கும் வசதி நமக்கில்லை. வெள்ளம் வந்தால் தூக்கி வைக்க மாடியும் இல்லை. இயற்கை சீர்குலைந்தால் முதலில் அடிபடுபவர் ஏழை எளியோரே. ஆதலின் அதனைக் குறித்து முதலில் வாய் திறக்க வேண்டியவரும் அவர்களே.

வாய் திறந்தால் பயன் உண்டா என்று கேட்பீர்கள். நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒன்றைச் சான்றாகக் காட்டுவோம்.

சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தில் வட கோல லங்காட் காப்புக் காடு உள்ளது. 1927ஆம் ஆண்டில் அது காப்புக் காடாக அறிவிக்கப்பட்டபோது அதன் பரப்பு 7,000 ஹெக்டருக்கும் அதிகம். பின்னர் பற்பல காரணங்களுக்காகச் சிறிது சிறிதாகக் கழிக்கப்பட்டு, 2020ஆம் ஆண்டில் 1,000 ஹெக்டருக்கும் குறைவாகவே எஞ்சி நின்றது. அந்த மிச்சத்திலும் ஏறத்தாழ 931 ஹெக்டரைக் காப்புக் காட்டுப் பட்டியலிலிருந்து நீக்கிக் கட்டட மேம்பாட்டுக்குக் கொடுக்கும் திட்டம் எழுந்தது. மாநிலச் சட்டப்படி மக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும். எனவே அவ்வாண்டு பிப்ரவரியில் வனத்துறை நாளிதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மறுப்பு உடையோர் 30 நாள்களுக்குள் எழுத்து வழி தெரிவிக்கலாம் என்பது அதன் சாரம்.

அக்காட்டின் சிறப்பு அதன் மண்ணில் இருக்கிறது. நீர் தேங்கிய அச்சதுப்பில் விழும் இலையும் கிளையும் முழுதும் மட்காமல், பல்லாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்து கருமண் ஆகியுள்ளன. மலாய் மொழியில் இதனைத் 'தானா கம்புட்' என்பர். மழை பெய்தால் இம்மண் பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மரங்கள் காற்றிலிருந்து இழுத்த கரியும் இம்மண்ணுள் அடங்கிக் கிடக்கும். கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டாலோ, மண் காய்ந்து சுருங்கும். அடங்கிக் கிடந்த கரி கரியமில வாயுவாகி வானில் கலக்கும். தீப்பற்றினால் நெருப்பு மண்ணுக்கு அடியில் ஊர்ந்து செல்லும். மேலே நீரூற்றினாலும் எளிதில் அடங்காது. 2015இலும் 2019இலும் புகைமூட்டத்தால் நம் நாட்டின் பல மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். சுமத்ரா, களிமந்தான் பகுதிகளில் இத்தகைய மண் காய்ந்து எரிந்த புகையே அதற்குப் பெருங்காரணம். ஒரு காட்டை அழித்தால் அதன் புகை எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை.

அறிவிப்பைக் கண்ட மக்கள் வாளாவிருக்கவில்லை. அக்காட்டை அண்டி வாழும் தெமுவான் பூர்வகுடியினரும், இயற்கை ஆர்வலர்களும், பொதுமக்களும் மறுப்புத் தெரிவித்தனர். வந்து குவிந்த மறுப்புகள் 45,000க்கும் மேல்! சிறு துளி பெருவெள்ளம் என்பது இதுவன்றோ? அவ்வாண்டு நவம்பரில் மாநிலச் சட்டமன்றமும் அக்காட்டை நீக்கலாகாது என்று தீர்மானம் நிறைவேற்றியது.

கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 2021 ஆகஸ்டு இறுதியில், காட்டின் பாதிக்கு மேற்பட்ட பகுதி ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வெளியாயிற்று. மக்கள் மீண்டும் குரலெழுப்பினர். செப்டம்பர் 8ஆம் நாள் மாநில மந்திரி புசார் அம்முடிவு மீட்டுக்கொள்ளப்படும் என்றும், அந்நிலம் மீண்டும் காப்புக் காடாக்கப்படும் என்றும் அறிவித்தார். இதனின்று நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஓர் இரவு விழித்திருந்துவிட்டு மறுநாள் உறங்கும் ஜாகாவை எந்தத் தோட்டமும் வேலைக்கு வைத்துக்கொள்ளாது. குடிமக்களின் காவலும் அவ்வாறே தொடர்ந்து நடைபெற வேண்டும்.

2022ஆம் ஆண்டில் நாடாளுமன்ற மக்களவை தேசிய வனச் சட்டத்தைத் திருத்தியது. காப்புக் காட்டை நீக்குமுன் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும், நீக்கும் நிலத்திற்கு ஈடாக வேறு நிலம் தர வேண்டும் என்பன அத்திருத்தத்தின் கூறுகள். நிலமும் காடும் மாநில அரசுகளின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. எனவே ஒவ்வொரு மாநிலமும் அதனை ஏற்றால்தான் அது அங்கே நடப்புக்கு வரும். மக்கள் கேட்டால் ஒழிய அது விரைந்து நடவாது. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்!

"நம் பாட்டனும் பூட்டனும் காட்டை வெட்டித்தானே இந்தத் தோட்டத்தை உருவாக்கினார்கள்? நாம் எந்த முகத்தோடு காட்டைக் காக்கச் சொல்வது?" என்று சிலர் வினவலாம். அவர்கள் கூலிக்கு உழைத்தார்கள். எந்தக் காட்டை வெட்டுவது என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. அவர்கள் பெயரில் ஒரு சாண் நிலமும் எழுதப்படவில்லை. இன்று நம்மைக் கேட்கச் சட்டம் இடந்தருகிறது. அவர்களுக்குக் கிட்டாத அவ்வுரிமையை நாம் பயன்படுத்தாமல் விடுவது முறையாகுமா?

"மேம்பாடு வந்தால் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமே" என்பாரும் உளர். வேலை வேண்டும் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் வெள்ளம் ஒரே இரவில் அடித்துச் செல்வதை ஈட்ட எத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டும்? 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மேல் ஏறி நின்றோருள் நம்மவரும் இருந்தனர். காற்று ஒரு பாகை செல்சியசு வெப்பமடைந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது அறிவியல். பெய்யும்போது பெருமழையாகவே பெய்யும். அந்நீரைத் தாங்க மண்ணும் மரமும் வேண்டாவா? வீடு கட்டவும் தொழிற்சாலை எழுப்பவும் முன்பே திருத்தப்பட்டுக் கைவிடப்பட்ட நிலங்கள் உள. எஞ்சிய காட்டின் மேல் கை வைக்க வேண்டுவதில்லை.

இதில் பள்ளியின் கடமை யாது? சுற்றுச்சூழல் நாளில் மரக்கன்று நடுகிறோம், சுவரொட்டி வரைகிறோம். அவை நல்லவையே. ஆயினும் அலுவல் கடிதம் எழுதக் கற்பிக்கும் நாம், நூலக உறுப்பியம் கேட்டு எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளலாகாது. ஆறாம் ஆண்டு மாணவன் ஒவ்வொருவனும், மாணவி ஒவ்வொருத்தியும், "இன்ன இடத்தில் உள்ள காட்டை இன்ன காரணத்தால் நீக்க வேண்டா" என்று தமிழிலும் தேசிய மொழியிலும் பிழையற எழுதப் பழக வேண்டும். நாளிதழில் வரும் அரசு அறிவிப்புகளைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பலகையில் ஒட்டி, அவற்றின் பொருளைத் தமிழில் விளக்கலாம். இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுள்ள நம் முன்னாள் மாணவர்கள், எழுதத் தெரியாத தாத்தா பாட்டிக்கு எழுதிக் கொடுத்துக் கையொப்பம் பெறலாம்.

துரையிடமும் கிராணியிடமும் கைகட்டி நின்று பழகிய சமுதாயம் நம்முடையது. அரசுக்குக் கடிதம் எழுதுவதைக் கலகம் என எண்ணி அஞ்சுவோர் இன்றும் உளர். சட்டமே கருத்தைக் கேட்கும்போது விடை சொல்வது குடிமகனின் கடமை. அதில் அஞ்சுவதற்கு ஏதுமில்லை. ஒரு தாள், ஓர் உறை, ஓர் அஞ்சல் தலை: இவ்வளவே செலவு. அடுத்த அறிவிப்பு வரும் நாளில், நம் தோட்டத்து முகவரியிலிருந்தும் கடிதங்கள் செல்லட்டும்!