விரல் நுனியில் அபிநயம்

மரத்தில் செதுக்கிய முகம் சிரிக்குமா, அழுமா? சீன தேசத்துக் கையுறைப் பொம்மையோ நாணுகிறது, சினக்கிறது, விம்முகிறது! ஆட்காட்டி விரல் அதன் தலை, கட்டை விரல் ஒரு கை, நடுவிரல் மற்றொரு கை, மணிக்கட்டே இடுப்பு. தலைவிரல் சற்றே தாழ்ந்தால் துயரம். மணிக்கட்டு நிமிர்ந்தால் வீரம். பல்லாண்டுப் பயிற்சியின்றி இவ்வித்தை கைகூடாது.

பூஜியன் மாகாணத்தில் தழைத்த இக்கலை கடல் கடந்து தைவான் தீவிலும் வேரூன்றியது. அங்கே லீ தியென்லூ என்னும் கலைஞர் 1931-ல் தம் குழுவை அமைத்தார். 1937-ல் சீனாவுடன் யுத்தம் மூண்டதும் தீவை ஆண்ட ஜப்பானியர் பழைய கூத்துக்களை ஒடுக்கினர். மேடை பறிபோயிற்று, விரல்கள் மறக்கவில்லை. 1980-களில் அவரும் அவர் மைந்தரும் பள்ளிச் சிறுவர்க்கு இதைப் பயிற்றினர். 1998-ல் அவர் மறைந்தார். பூஜியனில் இளந்தலைமுறைக்குப் பொம்மலாட்டம் பயிற்றும் முறையை 2012-ல் யுனெஸ்கோ சிறந்த முன்மாதிரியாக ஏற்றது.

ஏட்டில் எழுதி வைத்து இக்கலையைக் காக்க இயலாது. ஒரு கை மற்றொரு கைக்கு அளித்தால்தான் அது வாழும். எழுதுகோல் பிடிக்க மட்டும் விரல்களைப் பழக்கும் கல்வி அரைக் கல்வியே என்போம்.