இருதய நோயாளிக்குத் தமிழில் ஒரு துண்டு

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் மலையேற மூச்சு வாங்கினால் சளி என்கிறோம். கால் வீங்கினால் சத்துக் குறைவு என்கிறோம். இருதயத் தசை தளர்ந்தாலும் இவையே அடையாளங்கள். பிள்ளை பெற்று ஐந்து மாதத்துக்குள் தாய்க்கும் இந்நோய் வரலாம். ஆண்டுக்கணக்காகக் கசிப்புக் குடித்தவருக்கும் வரலாம்.

கிளினிக்கில் மருந்து தருகிறார்கள். உப்பைக் குறையுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள், தினமும் காலையில் நிறை பாருங்கள், மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே வாருங்கள் என்று தமிழில் எழுதித் தருவது யார்? தமிழ் அரசகரும மொழியானது 1987இல். லயத்தில் நாம் பார்த்த மருந்துத் துண்டுகளுக்கு அச்செய்தி எட்டவில்லை! கொழுந்து நிறுக்கத் தராசு உண்டு, ஆளை நிறுக்க எத்தனை தோட்டத்தில் உண்டு?

கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான் என்று பயந்து நோயை மறைத்து மலைக்குப் போகிறார்கள். துண்டையும் தராசையும் நமது பங்குகளே கொடுக்கலாம். இலேசான வேலையைத் துரைமாரிடம் தொழிற்சங்கங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.