பூச்சாண்டியும் மாமாவும்

நம் வீடுகளில் ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்ட அம்மா ஒருத்தி போதாது. துணைக்கு நிலா வேண்டும். நிலா இல்லாத அமாவாசையில் பூச்சாண்டி வருகிறான். அவனும் பலிக்காவிட்டால், தெருமுனைப் போலீஸ்காரர். "வாயைத் திற, இல்லாவிட்டால் அவரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்!" அந்த மனிதர் பாவம், வெயிலில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு நிற்கிறார். அவருக்குத் தெரியாமலே ஒரு குழந்தைக்கு அவர் ராட்சசனாகிவிடுகிறார்.

அதே வீட்டுக்கு மாலையில் ஒரு மாமா வருகிறார். சொந்த மாமாவாக இருக்க வேண்டியதில்லை. அப்பாவின் சிநேகிதராக இருக்கலாம், மாடியில் குடியிருப்பவராக இருக்கலாம், பாட்டு வாத்தியாராகவும் இருக்கலாம். "மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு, மடியில் போய் உட்கார்" என்று உத்தரவு பிறக்கிறது. குழந்தை நெளிகிறது, அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிகிறது. "வெட்கத்தைப் பாரேன்!" என்று சிரித்து, கையைப் பிடித்து இழுத்து, மடியில் உட்கார்த்தி வைத்துவிட்டு நாம் காப்பி கலக்கப் போகிறோம்.

எல்லா மாமாக்களையும் நான் சந்தேகிக்கவில்லை. பெரும்பாலோர் உத்தமர்கள். என் வழக்கு அவர்கள் மீது அல்ல, நம் மீது. ஆபத்து வந்தால் யாரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டுமோ அவரிடம் பயத்தைக் கற்றுக் கொடுக்கிறோம். எங்கே 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை வேண்டுமோ அங்கே பணிவைக் கற்றுக் கொடுக்கிறோம். இதற்கு 'நல்ல வளர்ப்பு' என்று பெயர் வேறு!

நம் தொடர்கதைகளையும் சும்மா விடுவதற்கில்லை. அவற்றில் வில்லன் எப்போதும் வெளியிலிருந்துதான் வருவான்; கண் சிவந்திருக்கும், மீசை முறுக்கியிருக்கும். 2007-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை வேறு கதை சொல்கிறது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டார்கள். நூற்றுக்கு 53 பேர், ஏதோ ஒரு விதத்தில் தகாத தொடுகைக்கோ நடத்தைக்கோ ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள். 'எனக்குப் பையன்தான், கவலையில்லை' என்று நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: அப்படிச் சொன்ன குழந்தைகளில் பாதிக்குச் சற்று அதிகமானோர் ஆண் பிள்ளைகள். பெரும்பாலான குழந்தைகள் நடந்ததை யாரிடமும் சொல்லவே இல்லை.

ஏன் சொல்லவில்லை? சொல்லிப் பார்த்த குழந்தைக்கு நம் வீடுகளில் என்ன கிடைக்கிறது? முதலில் ஓர் அறை. அப்புறம், "வாயை மூடு, அப்பா காதில் விழப் போகிறது!" கடைசியில் குடும்ப மானம். யாருடைய மானம் ஐயா அது? குழந்தைக்கு இழுக்கு ஏதுமில்லை. அது ஒரு தவறும் செய்யவில்லை. ஆகவே நாம் கட்டிக் காப்பது அந்தப் பெரிய மனிதரின் மானத்தைத்தான். பிஞ்சு ஒன்றை வாயடைக்க வைத்து அவருக்குக் குடை பிடிக்கிறோம்.

"இதையெல்லாம் பேசினால் குழந்தையின் மனம் கெட்டுவிடாதா?" என்று கேட்கும் நல்லவர்கள் இருக்கிறார்கள். அடுப்பு சுடும் என்று சொல்லும்போது நாம் தீக்காயத்தை வர்ணிப்பதில்லை. இங்கும் அப்படித்தான். உன் உடம்பு உன்னுடையது. பிடிக்காமல் யார் தொட்டாலும், தாத்தாவே ஆனாலும், வேண்டாம் என்று சொல்லலாம். 'அம்மாவிடம் சொல்லாதே' என்று யாராவது சொன்னால் அதை முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும். நாலு வயதுக்கு இவ்வளவு போதும். குழந்தை வந்து சொன்னால் அந்த அம்மா செய்ய வேண்டியது, நம்புவது. உன் மேல் தப்பில்லை என்று சொல்வது. வக்கீல் போலத் துருவித் துருவிக் கேட்காமல் இருப்பது.

2012-இல் வந்த போக்ஸோ சட்டம் நம்மைவிடப் பரிவோடு யோசித்திருக்கிறது. இத்தகைய குற்றம் தெரிந்தும் போலீசில் சொல்லாமல் மறைப்பவருக்கு அது தண்டனை விதிக்கிறது. ஆகவே மானத்தைக் காக்கும் குடும்பப் பெரியவர்கள் சற்று யோசிக்கட்டும். குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டாம் என்கிறது; அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்கச் சொல்கிறது; கூடியவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத ஒரு பெண் அதிகாரியே வாங்க வேண்டும். வருகிற அதிகாரி காக்கி உடுப்பில் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஏன் கூடாது என்பதற்குச் சட்டம் காரணம் சொல்லவில்லை. நம் சமையலறைகளுக்கு அது தெரியும்.

1098 என்று ஓர் இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. 1996-இல் பம்பாயில் தொடங்கியது. குழந்தையே கூப்பிடலாம். சினிமாப் பாட்டு நூறு மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு இந்த நாலு எண்கள் பாரமாகிவிடாது.

முத்தத்துக்குப் பதில் கைகூப்பி ஒரு வணக்கம் சொல்லட்டும், மரியாதைக்குக் குறைவில்லை. மாமா கோபித்துக்கொள்வார் என்கிறீர்களா? நல்ல மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் நாலு நாள் காப்பிக்கு வரமாட்டார். வராமல் இருக்கட்டுமே.