காவேரிக்கு மசக்கை, எங்காத்தாளுக்கு?

ஆடி பதினெட்டு வந்துவிட்டால் போதும், பத்திரிகைக்காரர்களுக்குக் காவேரி தாயாகிவிடுகிறாள். கர்ப்பிணியாம், மசக்கையாம். வாய்க்கு ருசியாக இருக்கட்டுமென்று புளிச்சோறும் எலுமிச்சம்பழச் சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போகிறார்கள். காதோலை கருகமணி, மஞ்சள், பூ எல்லாம் தண்ணீரில் விடுகிறார்கள். கல்கி 'பொன்னியின் செல்வ'னை இந்த நாளில்தான் தொடங்குகிறார், வீராணத்து ஏரிக்கரையில். ஏரி வெட்டியவனும் மண் சுமந்தவளும் எந்தக் கரையில் உட்கார்ந்து சோறு தின்றார்கள் என்று அதில் தேடிப் பாருங்கள்.

1974 ஆடி பதினெட்டன்று எங்காத்தா நிறைமாசம். கீழத்தஞ்சையில் குறுவைக்குக் களையெடுப்பு. "இன்னிக்குப் பதினெட்டுங்கய்யா, இடுப்பும் வலிக்குதுங்க" என்று காரியக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். "ஒங்களுக்கு என்னாடி பதினெட்டு, எறங்குடி வயல்ல." சாயங்காலம் வரப்பில் என் தங்கச்சி பிறந்தாள். புல்லறுக்க வச்சிருந்த அருவாளால் கொடியறுத்தது எங்க பெரியாத்தா. மசக்கைச் சோறு ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது.

படித்துறை குடியானத் தெருவுக்கு. எங்களுக்கு அதற்குக் கீழே, மாடு குளிப்பாட்டுகிற இடம். மேலே விட்ட பூ, வெற்றிலை எல்லாம் எங்க பக்கம் மிதந்து வரும். ஒருதரம் வாழைப்பழம் வந்தது, எடுத்துத் தின்றேன். இனித்தது, பொய் சொல்வானேன்.

சித்திரை வைகாசியில் வாய்க்கால் வெட்டுகிறவன் யார்? ராத்திரியில் உடைப்பெடுத்தால் முதுகைக் கொடுத்து அடைக்கிறவன் யார்? 1934-ல் மேட்டூர் அணை கட்டியானதிலிருந்து பெரும்பாலும் ஷட்டரைத் தூக்கினால்தான் தாய் வருகிறாள். அதிலிருந்து எங்க கைதான் அவளை வயலுக்குக் கூட்டிப்போனது. விளைந்த நெல்லில் கொஞ்சம் கூடுதலாய்க் கூலி கேட்டோம். 1968 டிசம்பர் 25-ல் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்தார்கள். பொம்பளைகளும் பிள்ளைகளும்தான் அதிகம். 1973-ல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. காவேரி வளத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த வளத்தையும் சேர்த்து எழுதட்டுமே.

"இது உழவர் விழா தோழர், இதுல எங்க சாதி?" என்று முற்போக்கு நண்பர்கள் கேட்கிறார்கள். உழவர் யார்? பட்டாவில் பேர் இருப்பவன். நாற்றுப் பறித்தவளும் நட்டவளும் உழவர் இல்லை, வெறும் ஆள். ஆளுக்கு ஏது பெருக்கு? இப்போது எங்க பிள்ளைகள் மேளத்தோடு படித்துறைக்கே போகிறார்கள், மறித்தால் எதிர்த்துக் கேட்கிறார்கள். போகட்டும், போக வேண்டும். ஆனால் படிக்கட்டில் நின்று குளித்துவிட்டுத் திரும்பி வந்தால், அதே புறம்போக்குக் குடிசைதானே?

அப்பன் இருந்தவரைக்கும் ஆத்தா பதினெட்டன்று அந்தக் கீழ்க்கரையில்தான் மஞ்சக்கயிறு மாற்றினாள். இவ்வளவும் நடந்த பிறகுமா என்று கேட்டால், "தண்ணி என்னடா செய்யும் பாவம், அதப் போயா கோவிச்சிக்குவாங்க?" என்பாள்.

தண்ணியை நான் கோவித்துக்கொள்ளவில்லை ஆத்தா. அது பாய்கிற நிலத்தில் எங்க பேரில் எத்தனை குழி என்றுதான் கேட்கிறேன்.